பயந்துபோன நாயைத் திருச்சியிலிருந்து கோவைக்குக் காரில் கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

உறையூர்ப் பிரபு:

எல்லோருக்கும் வணக்கம். நாய் மீட்பு வேலைக்கு நான் புதியவன். சொந்தமாக ஒரு பழைய ஸ்விஃப்ட் இருப்பதால் எங்கள் ஊர்க் குழுவில் வண்டி உதவிக்கு என் பெயரைக் கொடுத்திருந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நாயைக் கோயம்புத்தூர் வடவள்ளியில் ஒருவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

நாட்டு நாய், பெண். வயது மூன்று இருக்கலாம், எடை 18 கிலோ. லால்குடிப் பக்கம் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையில் சங்கிலியோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மீட்டு வந்து இப்போது ஒரு வீட்டு மொட்டைமாடியில் வைத்திருக்கிறார்கள். நேற்று மாலை பார்க்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. சாப்பாட்டுக் கிண்ணத்தை நான் நகர்த்தியபோது உறுமவில்லை, அசையவும் இல்லை. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் கையோடு நகர்த்திக்கொண்டே இருந்தது.

பார்த்துக்கொள்கிறவர், "ரொம்பச் சாது. குரைக்கக்கூட மாட்டாள். பின் சீட்டில் படுக்க வைத்து, கழுத்துப்பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று தருகிறேன், கோவை வரை தூங்கிவிடுவாள்" என்கிறார். ரேபிஸ் தடுப்பூசி போன வியாழக்கிழமை போட்டார்களாம். கூட வர யாருக்கும் வசதிப்படவில்லை. நான் தனியாகத்தான் ஓட்ட வேண்டும். நான் இதுவரை எந்த ஊசியும் போட்டுக்கொண்டதில்லை.

"வண்டி ஓட்டும்போது கடித்தால் என்னடா செய்வாய்?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த நாய் பட்டது போதும், அதற்கு ஒரு வீடு கிடைக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ராயபுரம் மைக்கேல்:

தம்பி பிரபு, அம்மா கேட்டதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்கும்வரை வண்டிச் சாவியை எடுக்காதீர்கள். இந்த ஞாயிறு போக வேண்டாம். நாய்க்கு வீடு கிடைக்க வேண்டும், உங்களுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் இரண்டும் நடக்கும்.

நான் சென்னையில் பல வருடம் விலங்கு ஆம்புலன்ஸ் ஓட்டியவன். இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நாயைத் தூக்கவும் ஏற்றவும் இறக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி, "கண்ணை மட்டும் என் கையோடு நகர்த்தியது" என்பது. அது சாது இல்லை, தம்பி. பயத்தில் உறைந்துபோன நாய். ஓட வழியில்லை, சண்டைபோடத் தெம்பில்லை, அதனால் கல்லாகி உட்கார்ந்திருக்கிறது. திறந்த மொட்டைமாடியிலேயே இப்படி என்றால், நாலு கதவும் சாத்திய காருக்குள் உங்கள் தோளுக்கு ஓர் அடி பின்னால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

உறுமுகிற நாய் நமக்கு நேரம் கொடுக்கிறது. கிட்டே வராதே என்று சொல்கிறது, நாம் விலகிவிடலாம். உறுமினால் அடி விழும் என்று சங்கிலியில் கிடந்தே கற்றுக்கொண்ட நாய் அந்த எச்சரிக்கையை விட்டுவிடும். அதற்கு முன்னால் வரும் அடையாளங்களைத்தான் நாம் பிடிக்க வேண்டும். சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். தலை ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக இருந்து, கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும். வெயில் இல்லாமலே மூச்சிரைக்கும். கை வைத்த இடத்தில் முடி கொத்தாக உதிரும். நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில்தான், அதனால் ரப்பர் விரிப்பில் கால் பட்ட இடமெல்லாம் ஈரத்தடம் பதியும். வண்டியில் ஏற்றியதும் நான் முதலில் விரிப்பைத்தான் பார்ப்பேன்.

ஒரு மழைக்கால இரவில் வியாசர்பாடியில் லாரி இடித்த நாய் ஒன்றை ஏற்றினோம். கூட வந்த பெண்பிள்ளைக்கு அது முதல் வாரம். பின்கதவைத் திறந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாயின் இடுப்புக்கு அடியில் போர்வையை நுழைத்தாள். நாய் வாலை இரண்டு முறை ஆட்டியது. உதட்டை நக்கியது, கொட்டாவி விட்டது. "பாவம், அசதி" என்று சொல்லிக்கொண்டே கையை இன்னும் உள்ளே விட்டாள். சத்தமே வரவில்லை. தலை திரும்பியதுதான் தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பல் இறங்கி மறுபக்கம் வந்திருந்தது. அந்த நாய் கெட்ட நாய் இல்லை. இடுப்பு எலும்பு உடைந்த எந்த உயிரும் அதைத்தான் செய்யும். வீட்டிலேயே வளர்த்த நாயாக இருந்தாலும் அடிபட்டு வலியில் கிடந்தால் முதலில் வாயைக் கட்ட வேண்டும், பிறகுதான் உடம்பைத் தொட வேண்டும். மூச்சுவிடச் சிரமப்படுகிற, வாந்தி எடுக்கிற நாய்க்கு மட்டும் கட்டக் கூடாது.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். கழுத்துப்பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டுவது ஒரு காலும் வேண்டாம். பிரேக் அடித்தால் கழுத்து இறுகும். யாராவது வெளியிலிருந்து அந்தக் கதவைத் திறந்தால் நாய் கதவோடு தொங்கும். அவிழ்க்க வேண்டுமானால் உங்கள் முகத்தை அதன் வாய்க்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். கட்டாமல் விட்டாலும் ஆபத்து. 60 கி.மீ. வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி நின்றால், பின் சீட்டில் சும்மா இருக்கும் நாய் அதே வேகத்தில் முன்னால் வரும். அது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக்கு மேலிருந்து, விழுவதற்குச் சமம். 18 கிலோ அந்த வேகத்தில் உங்கள் பின்மண்டையில் வந்து விழுந்தால் நீங்களும் இல்லை, நாயும் இல்லை. விபத்தே நடக்காவிட்டாலும், மிரண்ட நாய் ஒளிய இடம் தேடி ஓட்டுநரின் காலடிக்குள் புகுந்துகொள்ளும். பிரேக் மிதியின் கீழே நாய் இருக்கும்போது என்ன செய்வீர்கள்?

கூண்டுதான் வழி. ஸ்விஃப்டில் பின் சீட்டை மடித்துவிட்டால் இந்த அளவு நாய்க்கான கூண்டு பெரும்பாலும் நிற்கும். முதலில் அளந்து பாருங்கள். நாய் நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் இருந்தால் போதும், அதைவிடப் பெரிதாக இருந்தால் வளைவுகளில் உள்ளேயே உருளும். கூண்டைச் சரக்குக் கட்டும் பட்டையால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத கூண்டும் பறக்கும். மேலே மெல்லிய பருத்தித் துணி போடுங்கள், காற்று வரும் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். வெளியே ஓடுகிற லாரிகள் கண்ணில் படாமல் இருந்தாலே பாதி பயம் அடங்கும்.

தனியாகப் போகாதீர்கள். ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும், நாயைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். ஆள் இல்லை என்று குழு சொன்னால் ஆள் கிடைக்கும்வரை பயணம் இல்லை என்று நீங்கள் சொல்லுங்கள். நாயின் பெயரைச் சொல்லி யாரும் உங்களை அவசரப்படுத்தக் கூடாது. மாடியில் அதற்குச் சோறும் தண்ணீரும் நிழலும் இருக்கிறது. இது உயிர் போகிற அவசரம் இல்லை.

---

நெல்லைச் செவிலியர்:

அரசு மருத்துவமனையில் நாய்க்கடிக்கு வருபவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். ஊசி விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

நாய்க்குப் போன வியாழன் ஊசி போட்டார்கள் என்பதை நம்பி இறங்காதீர்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க மூன்று நான்கு வாரமாவது ஆகும். ஊசிக்கு முன்பே கிருமி உடம்புக்குள் போயிருந்தால் அந்த ஊசி அதைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆலையில் சங்கிலியில் கிடந்தபோது எந்த நாய் வந்து கடித்துவிட்டுப் போனது என்று யாருக்குத் தெரியும்? நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி இருக்கும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

நீங்கள் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், தம்பி. நாய்களோடு வேலை செய்கிறவர்களுக்கென்று முன்தடுப்பு ஊசி இருக்கிறது. முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று தவணை. இதைப் போட்டவருக்குப் பின்னால் கடி விழுந்தால் அன்றைக்கு ஒன்றும் 3ஆம் நாள் ஒன்றும் போதும். இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து தேவைப்படாது. போடாதவருக்கு அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலினும் செலுத்த வேண்டும். நடுவழியில், ஞாயிற்றுக்கிழமை, அது எங்கே இருக்கிறது என்று தேடி அலையும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

கடிபட்டால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், நம் மனதுக்கு இரண்டு நிமிடமே நீண்ட நேரமாகத் தெரியும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். உடனே தையல் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கையில் விழுந்த கடி சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பல் நரம்புக்கும் மூட்டுக்கும் பக்கத்தில் இறங்கியிருக்கும், மறுநாள் காலையில் கை வீங்கிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், மண்ணீரல் எடுத்தவர்கள் இன்னும் வேகமாகப் போக வேண்டும்.

கடிக்காமலும் ரேபிஸ் வரும். புண் உள்ள இடத்தில் எச்சில் பட்டாலோ, கண்ணிலோ வாயிலோ தெறித்தாலோ அதையும் கடியாகத்தான் கணக்கில் எடுக்கிறோம். "நக்கத்தானே செய்தது" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் எங்களால் செய்ய முடிவது அநேகமாக ஒன்றுமில்லை. அந்த அறையில் நின்றிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

---

தில்லைநகர் ஜனனி:

இவ்வளவு பயமுறுத்தினால் புதிதாக யார் முன்வருவார்கள்? நான் எத்தனையோ தெரு நாய்களை ஸ்கூட்டரில் மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறேன். தம்பி ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்து கட்டிப்பிடித்துக்கொள்வேன். அன்பாகப் பேசிக்கொண்டே போனால் நாய் புரிந்துகொள்ளும். கூண்டு, பூட்டு என்று போட்டால்தான் அது மேலும் மிரளும். பிரபு, மனதில் பயம் இல்லாமல் போங்கள், நாய் உங்களை நம்பும்.

---

ராயபுரம் மைக்கேல்:

ஜனனி அம்மா, நீங்கள் கொண்டுபோய்ச் சேர்த்த ஒவ்வொரு உயிருக்காகவும் கும்பிடுகிறேன். நடுத்தெருவில் கிடக்கும் குட்டிக்கு அந்த நேரத்தில் ஸ்கூட்டர்தான் கிடைக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மடியில் நாய் இருக்கும்போது அதன் பல் உங்கள் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தால் நாய் துள்ளும். நீங்கள் விடமாட்டீர்கள், தம்பி வண்டியைச் சாய்ப்பார். அன்பு வேண்டும், அதோடு வாய்ப்பூட்டும் வேண்டும். பயந்த நாயைக் கட்டிப்பிடித்தால் அதற்கு அது அணைப்பாகத் தெரிவதில்லை, யாரோ தன்னைப் பிடித்து அமுக்குவதாகத் தெரிகிறது. கூண்டு அப்படி இல்லை. உள்ளே இருக்கும்போது யாரும் தொட மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் நாய் தானாகவே அதற்குள் போய்ப் படுக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் நாய்க்கும் பூனைக்கும் தனிப் பகுதி உண்டு. பயணம் போகத் தகுதியாக இருக்கிறது, ரேபிஸ் உட்படத் தொற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். மூர்க்கமான குணம் காட்டும் நாயை வாய்ப்பூட்டு மாட்டி, தனிக் கூண்டில், கையாள்கிறவர்களுக்கு எச்சரிக்கை எழுதி ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். பிரபு, அந்தச் சான்றை நீங்கள் கேட்டு வாங்குங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாதது மருத்துவர் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் புதியவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாய் கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, எதையும் விழுங்க முடியாமல் நிற்கும். ஊரே "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது, எடுத்துவிடுங்கள்" என்று சொல்லும். கையை வாய்க்குள் விடாதீர்கள். ரேபிஸில் ஒரு வகை இப்படித்தான் இருக்கும். வெறிபிடித்து ஓடாது, யாரையும் துரத்தாது, சோர்ந்து ஓரமாக நிற்கும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்த நாயும் வாயை மென்றுகொண்டே, நுரை தள்ளி, இழுத்துக்கொண்டு கிடக்கும். இரண்டையும் தெருவில் நின்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அப்படிப்பட்ட நாய் உங்கள் காரில் ஏறக் கூடாது. தடுப்பூசி போட்ட, பழகிய ஆட்கள் வலையோடு வர வேண்டும்.

---

நாமக்கல் கால்நடை மருத்துவர்:

அந்த ஒவ்வாமை மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் மந்தமாகும், பயம் போகாது. தன் உடம்பு தன் சொல்லைக் கேட்கவில்லை என்ற கலக்கம் அதோடு சேரும். ஏஸ்ப்ரோமசின் என்ற பழைய மருந்தைச் சிலர் இன்னும் கேட்டு வாங்குகிறார்கள். அதில் நாய் அசையாமல் கிடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். தட்டென்று ஒரு சத்தம் கேட்டால் எழுந்து கடித்துவிடும். தூங்குகிறது என்று நினைத்துத்தான் கையை நீட்டுவார்கள்.

இப்போது பயண பயத்துக்குக் கபாபென்டின், ட்ரசோடோன் போன்றவற்றை நாயை நேரில் பார்த்து, எடை போட்டு, நாங்கள் எழுதித் தருகிறோம். அதையும் பயண நாளில் முதல்முறையாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் முன்னதாக ஒரு வேளை கொடுத்து, எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மனிதர்களுக்கான கபாபென்டின் சிரப்பை வீட்டில் இருக்கிறது என்று எடுத்து ஊற்றாதீர்கள். சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கும், நாய்க்கு அது விஷம்.

வெயிலைப் பற்றியும் யோசியுங்கள். நாய்க்கு இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. பயத்தில் மூச்சிரைக்கும் நாய் கரூர் வெயிலில் அந்த இடத்துக்குச் சீக்கிரமே போய்விடும். வாய்ப்பூட்டு கூடை மாதிரி இருக்க வேண்டும். வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் நக்கவும் அதில் முடியும். துணியால் இறுக்கும் வகை தூக்கி ஏற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான். அதை மாட்டிவிட்டு ஒரு நாயைக் கரூர் வரை கொண்டுபோனால் வெப்பத்திலேயே இறந்துபோகும். நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கெட்டியானால் வண்டியை நிழலில் நிறுத்தி, வயிற்றிலும் காலிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, குளிர்சாதனத்தை முழுவதும் வையுங்கள். ஐஸ் வேண்டாம்.

---

வடவள்ளி வித்யா:

பிரபு, தத்தெடுப்பதற்கு முன்னால் நாய்களைச் சில வாரம் வீட்டில் வைத்துப் பழக்கி அனுப்புகிறவள் நான். இந்த நாய் வரப்போகும் வீட்டாரை எனக்குத் தெரியும், அவர்களிடம் பேசிவிட்டேன். தாமதமானால் ஒன்றும் இல்லை, காத்திருக்கிறோம் என்கிறார்கள். அந்தக் கவலையை விடுங்கள்.

நாய் கைநழுவி ஓடுவது பெரும்பாலும் கதவு திறக்கும் அந்த நொடியில்தான். திருப்பராய்த்துறை, மணவாசி என்று சுங்கச்சாவடிகள் வரும். வரிசையில் நிற்கும்போது "கொஞ்சம் காற்று வரட்டும்" என்று கண்ணாடியை இறக்காதீர்கள். நெடுஞ்சாலையில் ஓடும் நாயைப் பிடிக்கப் போன மனிதர்களைத்தான் வண்டி அடிக்கிறது. அந்த நேரத்தில் கால் தானாகவே ஓடும், அதனால் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: ஓடினால் சாலைக்குள் இறங்கித் துரத்துவதில்லை. உடம்பில் ஹார்னஸ் என்ற மார்புப் பட்டை ஒன்று, கழுத்தில் இழுத்தால் இறுகும் கயிறு ஒன்று, இரண்டும் மாட்டி இரண்டு முனையும் இரண்டு பேர் கையில் இருக்க வேண்டும். பயந்த நாய் பின்னோக்கி நடந்தே கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடும். காலைக் கடனுக்கு இறக்க வேண்டாம். கிளம்புவதற்கு முந்திய ஆறு மணிநேரம் சோறு இல்லாமல், தண்ணீர் மட்டும் கொடுத்து, விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். கூண்டுக்குள் சிறுநீர் போனால் போகட்டும், செய்தித்தாளும் பழைய துண்டும் போட்டு வையுங்கள். சுத்தம் செய்யும்போது கையுறை கட்டாயம். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகவும் வரும், காலில் வெடிப்பு இருந்தால் செருப்பில்லாமல் நிற்காதீர்கள். சொறி உள்ள நாயாக இருந்தால் உடுத்திய துணியை வெந்நீரில் போடுங்கள்.

பெண் தன்னார்வலர்களுக்காக ஒரு வார்த்தை. இரவு பதினோரு மணிக்குப் புறவழிச்சாலையில் முன்பின் தெரியாத ஒருவர் நாயைக் கொண்டுவந்து தருவார், வாங்கிக்கொள் என்று என்னையே அனுப்பியிருக்கிறார்கள். நாய் கடிப்பது மட்டுமே இந்த வேலையில் ஆபத்து இல்லை. கைமாற்றும் இடம் வெளிச்சமான பெட்ரோல் பங்க்காகவோ மருத்துவமனை வாசலாகவோ இருக்கட்டும். வண்டி எண்ணும் போகும் வழியும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் குழுவோடு வேலை செய்யாதீர்கள்.

---

உறையூர்ப் பிரபு:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசினேன். முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். மருத்துவர் சான்று, கூண்டு, இன்னொரு ஆள், என் ஊசி, இவை நான்கும் இல்லாமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டார்கள். இன்று காலை மருத்துவமனையில் முதல் ஊசி போட்டாயிற்று. என் அத்தை மகன் கூட வருகிறேன் என்கிறான், அவனுக்கும் போட்டோம். மூன்றாவது தவணை முடிந்த பிறகுதான் பயணம்.

இப்போது ஒரே ஒரு சந்தேகம். தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வராத நாயைக் கூண்டுக்குள் எப்படி ஏற்றுவது? இழுத்துப் போடலாம் என்கிறார்கள்.

---

ராயபுரம் மைக்கேல்:

இழுக்கவே வேண்டாம், தம்பி. மூலையில் இருக்கும் நாயை இழுக்கும்போதுதான் கடி விழும். இதற்குத்தான் உங்களுக்கு மூன்று வாரம் கிடைத்திருக்கிறது.

கூண்டை இன்றே மாடிக்கு ஏற்றி, தொட்டிக்கு நாலைந்து அடி தள்ளி, சுவரோரமாக நிழலில் வையுங்கள். கதவைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டுங்கள். காற்றில் அது ஒருமுறை டம் என்று அடித்தால் நாய் பிறகு உள்ளே தலை வைக்காது. அது இப்போது படுத்திருக்கும் சாக்கையோ துணியையோ துவைக்காமல் உள்ளே விரியுங்கள். முதலில் சோற்றுக் கிண்ணத்தை வாசலுக்கு வெளியே வையுங்கள். வைத்துவிட்டு இறங்கி வந்துவிட வேண்டும், நின்று பார்க்கக் கூடாது. தயங்காமல் சாப்பிடத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். ஒரு நாள் பின்வாங்கினால் கிண்ணத்தையும் பின்வாங்குங்கள். கருவாடோ அவித்த ஈரலோ ஒரு துண்டு கூடுதலாக இருக்கட்டும்.

முழு உடம்போடு உள்ளே நின்று சாப்பிடும் நாள் வந்த பிறகு கதவை மாட்டுங்கள். சாப்பிடும்போது மூடி, முடிப்பதற்குள் திறந்துவிடுங்கள். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி என்று கூட்டுங்கள். கடைசி வாரம் நீங்களும் உங்கள் அத்தை மகனும் கூண்டோடு தூக்கி மாடிப்படி இறங்கி, இயந்திரத்தை அணைத்துவைத்த காருக்குள் கால் மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி மேலே கொண்டுபோங்கள். தூக்கும்போது கம்பிக்குள் விரல் நுழைக்காதீர்கள், அடித்தட்டைப் பிடியுங்கள். படி இறங்குவதற்கு முன் கூண்டுக் கதவில் தாழ்ப்பாளோடு ஒரு கொக்கியும் மாட்டிவிடுங்கள்.

வாய்ப்பூட்டையும் இதே மாதிரிதான் பழக்க வேண்டும். கூடைக்குள் சோறு தடவி, தானாக மூக்கை நுழைக்க விடுங்கள். மூன்று வாரத்தில் அதற்குப் பழகாவிட்டால் விட்டுவிடலாம். கூண்டிலேயே ஏறி கூண்டிலேயே இறங்கும் நாய்க்கு வழியில் அது தேவைப்படாது.

---

வடவள்ளி வித்யா:

இங்கே இறக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டின் வெளிக்கதவைத் திறந்து வைத்திருப்போம், நேராகக் காரை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். கதவை நாங்கள் பூட்டிவிட்டுக் கை காட்டிய பிறகு இறங்கினால் போதும். கூண்டை அப்படியே தூக்கி உள்ளறையில் வைத்து, அறைக் கதவையும் சாத்திவிட்டுத்தான் கூண்டைத் திறப்போம். அது வெளியே வர இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும் என்று வீட்டாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். குழந்தைகள் அந்த அறைக்குள் வரமாட்டார்கள். கூண்டை நீங்கள் அன்றே திருப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், என்னிடம் இருக்கும் இன்னொன்றை உங்களுக்குத் தந்துவிடுகிறேன்.